மணிலா மதிலுக்குள் அரை மணி நேரம் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் 14 நாள் வரை விசா இல்லாமல் சுற்றுலா வரலாம் என்று பிலிப்பைன்ஸ் 2025 ஜூனில் கதவைத் திறந்துவிட்டதிலிருந்து, நம் ஊர்ப் பயண விளம்பரங்களில் மணிலா அடிக்கடி தலைகாட்டுகிறது. போகிறவர்கள் போகட்டும், நல்லதுதான். ஆனால் அந்தத் திட்டங்களில் மணிலாவின் பழைய சாந்தியாகோ கோட்டைக்கு ஒதுக்கும் நேரம் பெரும்பாலும் அரை மணி, மிஞ்சிப் போனால் முக்கால் மணி. வாசலில் ஒரு படம், பிலிப்பைன்ஸின் தேசிய வீரர் ரிசாலின் சிலையருகே ஒரு படம், மறுபடி பேருந்து. அந்த ஊரையும் அந்த மதிலையும் சென்னையோடு கட்டிப்போடும் ஒரு வரலாறு இருக்கிறது. அது நடந்த இடமோ திட்டத்தில் இருப்பதே இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. இந்த்ராமுரோஸ் வேறு, சாந்தியாகோ கோட்டை வேறு. 'மதிலுக்குள்' என்ற பொருள் தரும் லத்தீன் சொற்களிலிருந்து வந்த பெயர் இந்த்ராமுரோஸ். ஸ்ரீரங்கத்தில் மதிலுக்குள்ளேயே தெருவும் வீடும் கடையும் இருக்கின்றன அல்லவா, அதுபோல ஒரு முழு ஊர். சுற்றுமதில் ஏறக்குறைய 4.5 கி.மீ. நீளம். அந்த ஊரின் வடமேற்கு மூலையில், பாசிக் ஆறு மணிலா விரிகுடாவில் கலக்கும் இடத்தைப் பார்த்தபடி இருப்பதுதான் சாந்தியாகோ கோட்டை. பயணச் சீட்டில் 'இந்த்ராமுரோஸ் உலா' என்று போட்டிருந்தால், கோட்டை மட்டுமா, மதில் நகரமும் உண்டா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கடற்கோட்டை என்று நினைத்துப் போகிறவர்கள் மேற்கு மதிலில் ஏறிக் கடலைத் தேடுவார்கள். கடல் தெரியாது. அமெரிக்கர் ஆட்சியில் துறைமுகத்துக்காக அந்தப் பக்கத்துக் கடலைத் தூர்த்துவிட்டார்கள். மதிலைச் சுற்றியிருந்த அகழியையும் அவர்களே மூடினார்கள். இன்று அது கோல்ஃப் மைதானம். நம் ஜார்ஜ் கோட்டைக் கதையும் கிட்டத்தட்ட இதுதான். ஒரு காலத்தில் வாசலிலேயே அலை அடித்தது. துறைமுகச் சுவர் எழுந்த பிறகு மணல் சேர்ந்து கடல் விலகிப் போனது.

ஸ்பானியர் வருவதற்கு முன் சாந்தியாகோ கோட்டையின் இடத்தில் இருந்தது ராஜா சுலைமானின் மரக்கோட்டை. 1571ல் ஸ்பானியத் தளபதி லெகாஸ்பி ஊரைக் கைக்கொண்டு ஸ்பானிய நகரமாக அறிவித்தார். அவர்கள் முதலில் எழுப்பியதும் மரக்கோட்டைதான். 1574ல் சீனக் கடற்கொள்ளைத் தலைவன் லிமாஹோங்கின் தாக்குதலில் அது எரிந்தது. கற்கோட்டை 1590க்கும் 1593க்கும் இடையே எழுந்தது. கல் என்றால் நம் ஊர்க் கருங்கல் அல்ல. எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான மென்கல். பாசிக் ஆற்றங்கரையில் குவாடலூப்பே பக்கம் வெட்டிப் படகில் கொண்டுவந்தார்கள். செதுக்குவது எளிது, ஆனால் மழைநீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். மதிலில் கறுப்பும் பச்சையுமாகப் பாசி படர்ந்திருப்பது அதனால்தான். பழுதுபார்க்கிறேன் என்று இந்தக் கல்லின் மேல் சிமெண்ட் பூசினால், உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் சுற்றியுள்ள கல்லின் முகம் தோல் உரிவதுபோல் பெயர்ந்துவிடும். சுண்ணாம்புச் சாந்துதான் இதற்குச் சரி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மதிலில் கண்ணுக்கே தெரியும்: சாம்பல் நிறச் சிமெண்ட் பட்டை திடமாக நிற்க, அதையொட்டிய கல் குழிந்து போயிருக்கும்.

இனி சென்னை விஷயம். இங்கிலாந்துக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்டதும், 1762ல் மணிலாவைப் பிடிக்கக் கப்பற்படை கிளம்பியது லண்டனிலிருந்து அல்ல, சென்னையிலிருந்து. தரைப்படைக்கு வில்லியம் டிரேப்பர், கப்பல்களுக்கு சாமுவேல் கார்னிஷ். 79ஆம் படைப்பிரிவும் பீரங்கிப் படையும் மட்டுமல்ல, சென்னைக் கம்பெனிப் படையின் சிப்பாய்களும் லஸ்கர் மாலுமிகளும் அந்தக் கப்பல்களில் இருந்தார்கள். செப்டம்பர் 23ஆம் தேதி விரிகுடாவுக்குள் கப்பல்கள் நுழைந்தபோது, போர் தொடங்கிய செய்தியே மணிலாவுக்கு வந்து சேரவில்லை. கவர்னர் பதவியையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு பேராயர். இரண்டே வாரத்தில், அக்டோபர் 6ஆம் தேதி நகரம் விழுந்தது. 40 லட்சம் பெசோ மீட்புப் பணம் கேட்டார்கள். பிறகு மணிலாவுக்கு ஆங்கிலேய கவர்னராக உட்கார்ந்த டாசன் டிரேக், சென்னைக் கவுன்சில் உறுப்பினர். 1764 வரை ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு, மணிலா ஒருவகையில் ஜார்ஜ் கோட்டையின் கிளை அலுவலகம்.

திரும்பிய கப்பல்களில் எல்லாச் சிப்பாய்களும் ஏறவில்லை. ஒரு கூட்டம் மணிலாவுக்குக் கிழக்கே காயின்டா என்ற ஊரில் தங்கி, அங்கேயே மணம் முடித்து, அந்த மண்ணோடு கலந்துவிட்டது. அவர்கள் வழிவந்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.

போர் ஒருபுறம், துணி வியாபாரம் இன்னொரு புறம். சோழமண்டலக் கரையின் துணி மணிலாவுக்கு அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே போய்க்கொண்டிருந்தது. ஆங்கிலேயக் கப்பலை ஸ்பானியர் அனுமதிக்காததால், ஆர்மீனியர் போன்றவர்களின் பெயரில் சரக்கு போனது. அந்த மணிலா வணிகத்தில் பொருள் சேர்த்தவர்தான், 1726ல் சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டி, பரங்கிமலைக்குப் படியும் அமைத்துக் கொடுத்த ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான். அந்தப் பழைய பாலம் இப்போது இல்லை. அதே இடத்தில் மறைமலை அடிகள் பாலம் நிற்கிறது.

1762ல் மதில் உடைந்தது சாந்தியாகோ கோட்டையில் அல்ல. ஊரின் நேர் எதிர் முனையில், தென்மேற்கு மூலையில் உள்ள சான் தியேகோ கொத்தளத்தில். நம்மவர் எவரும் போகாத மூலை அது. போய்ப் பார்த்தால் ஏன் அங்கே உடைந்தது என்பது தானாகவே புரியும். கொத்தளம் சீட்டுக்கட்டின் ஸ்பேடு வடிவில் மதிலிலிருந்து வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அப்படித் துருத்தினால்தான் மதிலின் அடிவாரத்தில் ஒட்டி நிற்பவனைப் பக்கவாட்டிலிருந்து சுட முடியும். ஆனால் எதிரே வெகுதூரம் வெட்டவெளியாக இருந்தால்தான் இந்த ஏற்பாடு பலிக்கும். அன்று மதிலுக்குத் தெற்கே, எர்மிட்டா, மலாட்டே பக்கம் கல் தேவாலயங்கள் இருந்தன. டிரேப்பரின் படை அவற்றையே மறைவாக வைத்துக்கொண்டு, பீரங்கியை நெருக்கமாகக் கொண்டுவந்து இந்தக் கொத்தளத்தை அடித்துத் திறந்தது.

சென்னையில் இதே பாடத்தை ஆங்கிலேயர் அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் படித்திருந்தார்கள். ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரத்தைப் பிரெஞ்சுக்காரர் மறைவாகப் பயன்படுத்த முடிந்தது. அதனால் பின்னர் அதை இடித்து வெளியாக்கினார்கள். அந்த வெளியில்தான் இன்று உயர் நீதிமன்றம். இதற்கு இப்பால் வீடு கட்டாதே என்று 1773ல் நட்ட எல்லைக் கற்களில் ஒன்று பாரிமுனையில் இன்னும் நிற்கிறது. மணிலாவுக்குப் புறப்படும் முன் ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டுப் போனால், சான் தியேகோ கொத்தளத்தின் மேல் நின்று தெற்கே பார்க்கும்போது அதிகம் விளக்கம் தேவைப்படாது.

இதே கொத்தளத்தின் நடுவே, தரைமட்டத்துக்குக் கீழே, வட்டவட்டமாகக் கல் அடித்தளங்கள் தெரியும். 1580களில் அன்டோனியோ செதேனோ என்ற ஏசு சபைத் துறவி கட்டிய வட்டக் கோட்டையின் மிச்சம் அது. மணிலாவின் முதல் கற்கோட்டை அதுவே. 1979ல் தொடங்கிய அகழ்வில் வெளிவந்தது. வட்டத்துக்குள் வட்டமாக இறங்கும் அந்தச் சுவர்களை மேலிருந்து பார்க்க வேண்டும்; இறங்கி நின்றால் உருவம் பிடிபடாது.

ஆகவே எங்கள் யோசனை, பயண நிறுவனங்கள் செய்வதைத் தலைகீழாகச் செய்வதுதான். தெற்கில் தொடங்கி வடக்கில் முடியுங்கள். காலை 8 மணிக்கு சான் தியேகோ. அங்கிருந்து மதிலின் மேலேயே கிழக்கே நடந்தால் புவெர்த்தா ரியால் வாசல் வரும். ஆங்கிலேயர் போன பிறகு, பாதுகாப்புக் கருதி 1780ல் இடம் மாற்றிக் கட்டிய வாசல் அது. வெயில் ஏறுவதற்கு முன் முடிக்க வேண்டிய நடை இது, மதில் மேல் நிழலே கிடையாது. 10 மணி சுமாருக்குக் கீழே இறங்கி சான் அகுஸ்தின் தேவாலயத்துக்குப் போய்விடுங்கள். 1607ல் கட்டி முடித்தது. 1945 பிப்ரவரியில் அமெரிக்கரும் ஜப்பானியரும் மோதிய போரில் மதில் நகரம் முழுவதும் தரைமட்டமானபோது கூரையோடு மிஞ்சிய ஒரே தேவாலயம் இதுதான். லெகாஸ்பியின் கல்லறை உள்ளே இருக்கிறது. 1762ல் இங்கேயும் கொள்ளை நடந்தது. கூரையில் புடைப்புச் சிற்பம் என்று நீங்கள் நினைப்பதெல்லாம் வெறும் ஓவியம்; கழுத்து வலித்தாலும் அண்ணாந்து உற்றுப் பாருங்கள். அருங்காட்சியகம் நண்பகலில் உணவு இடைவேளைக்கு மூடும், சனி ஞாயிறுகளில் தேவாலயத்தில் திருமணக் கூட்டம் இருக்கும். இரண்டையும் கணக்கில் வையுங்கள்.

சாப்பிட்டுவிட்டு 2 மணிக்கு மேல் கோட்டை. நுழைவுச் சீட்டு பெரியவர்களுக்கு 75 பெசோ, நம் பணத்தில் நூற்றுச் சொச்சம் ரூபாய். மாணவர், முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்குச் சலுகை உண்டு, அடையாள அட்டையைக் கேட்பார்கள். வாசலில் ஐநூறு, ஆயிரம் பெசோ தாளை நீட்டாமல் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் முதலில் ரிசால் நினைவகம். ஏனென்றால் கோட்டை இரவு வரை திறந்திருந்தாலும் அருங்காட்சியகம் மாலையிலேயே மூடிவிடும். திங்கட்கிழமை விடுமுறை. திங்களன்று மணிலாவில் இருக்கும்படி திட்டம் போட்டுக் கொடுத்தால் மாற்றச் சொல்லுங்கள்.

கோட்டை வாசலில் ஒரு நிமிடம் நின்றே ஆக வேண்டும். கதவுக்கு மேலே, குதிரை மீது வாளோங்கிய புனித யாகப்பர். குதிரைக் குளம்படியில் மூர்கள் எனப்பட்ட முஸ்லிம்கள். கோட்டைக்குப் பெயர் தந்த சாந்தியாகோ இவரேதான். ராஜா சுலைமான் முஸ்லிம் அரசர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்தச் சிற்பத்தை மறுபடி பாருங்கள். அவர் கோட்டை இருந்த இடத்தில், அவர் மதத்தவரை மிதிக்கும் படத்தை வாசலில் வைத்திருக்கிறார்கள். இன்று உள்ளே இருக்கும் அரங்கத்துக்கு ராஜா சுலைமான் பெயர். 1945 குண்டுவீச்சில் சிதைந்த இந்த வாசலை 1980களில்தான் மீண்டும் எடுத்துக் கட்டினார்கள்.

ஹோசே ரிசால் 1896 நவம்பர் 3 முதல் டிசம்பர் 29 வரை இங்கே சிறையிருந்தார். 30ஆம் தேதி காலை பகும்பயான் வெளியில் ஸ்பானியர் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். இன்றைய லுனேட்டா பூங்கா அதுதான். கடைசிக் கவிதையைச் சின்ன ஆல்கஹால் அடுப்பு ஒன்றுக்குள் ஒளித்து, காவலருக்குப் புரியாதபடி ஆங்கிலத்தில் 'உள்ளே ஏதோ இருக்கிறது' என்று தங்கை திரினிதாதிடம் சொல்லி அனுப்பினார். குண்டு பாய்ந்த முதுகெலும்பின் ஒரு கண்ணி நினைவகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. அங்கே குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். அவர்களுக்கு அது கோயில். வெளியே வந்ததும் தரையில் வெண்கலக் காலடிகள் பதித்திருப்பது தெரியும். அவர் கொலைக்களத்துக்கு நடந்த வழி அது. அதன்மேல் கால் வைத்து நடந்து படம் எடுக்கும் பழக்கம் இருக்கிறது. பக்கத்தில் நடந்தால் போதும்.

வடமுனையில் ஆற்றை ஒட்டி சாந்தா பார்பரா கொத்தளம். பீரங்கி வீரர்களின் காவல் புனிதையின் பெயர் இதற்கு. அடியில் உள்ள கல்லால் ஆன அறைகள் முதலில் வெடிமருந்துக் கிடங்குக்கும் சரக்குக்கும் கட்டியவை. ஆற்று ஈரம் ஏறியதால் வெடிமருந்துக்கு ஆகாமல் போய், பிற்பாடு சிறையாயின. 1942 முதல் ஜப்பானிய ராணுவப் போலீசு இங்கே ஆட்களை அடைத்தது. 1945ல் நகரத்தை மீட்டவர்கள் உள்ளே கண்டது ஏறக்குறைய 600 உடல்கள். வெளியே நிற்கும் வெள்ளைச் சிலுவை அவர்களைப் புதைத்த இடம். சிறை அறைகள் திறந்திருந்தால் இறங்கலாம். குனிந்துதான் போக வேண்டும், காற்று குறைவு, படி வழுக்கும். மூச்சுத்திணறல், முழங்கால் வலி உள்ளவர்களும் சிறு பிள்ளைகளும் மேலேயே இருப்பது நல்லது. ஆற்றுநீர் ஏறிக் கைதிகள் மூழ்கினார்கள் என்பது முதலிய கதைகளை வழிகாட்டிகள் உருக்கமாகச் சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள்; அந்த 600 பேர் விஷயத்துக்கு உருக்கம் சேர்க்கத் தேவையே இல்லை.

நடைமுறையில் தவறுவது எங்கே என்றால், பெரும்பாலும் குதிரைவண்டியில். கலேசா என்பார்கள். வண்டிக்காரர் சொல்லும் தொகை ஆளுக்கா வண்டிக்கா, முழுச் சுற்றுக்கா அரை மணிக்கா என்று பேசாமல் ஏறினால், இறங்கும்போது தொகை மூன்று நான்கு மடங்காகும். தொகை, ஆட்கள், நிமிடம் மூன்றையும் கைப்பேசியில் எழுதிக் காட்டித் தலையாட்ட வைத்துவிட்டு ஏறுங்கள். நடக்க முடிந்தவர்களுக்கு வண்டியே வேண்டாம். தெற்கு முனையிலிருந்து கோட்டை வரை ஒன்றேகால் கிலோமீட்டருக்கு மேல் இருக்காது. ரயிலில் வருபவர்கள் எல்ஆர்டி 1 பாதையில் சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி, நகரசபைக் கட்டடம் பக்கத்துச் சுரங்கப் பாதை வழியாக வந்தால் கால் மணியில் மதிலைத் தொடலாம். விமான நிலையத்திலிருந்து காரில் 10 கி.மீ. அளவுதான், ஆனால் மாலை நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை தோதான காலம். மார்ச் முதல் மே வரை நம் அக்னி நட்சத்திரம் மாதிரி. ஜூனுக்கு மேல் மழை, புயல். மழை நின்ற மறுநாளும் அந்த மென்கல் படிகளில் பாசி வழுக்கும், ரப்பர் செருப்போடு மதிலேறாதீர்கள்.

விசா இல்லை என்றதும் காகிதமே வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. ஆறு மாதம் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, திரும்பும் பயணச் சீட்டு, தங்குமிடப் பதிவு, கையில் பணம் இருப்பதற்கான சான்று எல்லாம் கேட்பார்கள். 14 நாளை அங்கே போய் நீட்டிக்க முடியாது. அங்கே போய்ச் சேர்வதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் இ-டிராவல் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். அது இலவசம், பணம் கேட்கும் தளம் எதுவானாலும் போலி.

சைவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. காய்கறிக் குழம்பு என்று நம்பி பினாக்பெட் வாங்கினால் அதில் இறால் விழுது இருக்கும். நம் புளிக்குழம்பு மணம் வீசும் சினிகாங்கில் மீனோ பன்றியோ கிடக்கும். 'இறைச்சி இல்லை' என்றால் மீன் சாற்றை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை, தனியாகக் கேட்க வேண்டும். கேட்கும்போது கடைசியில் 'போ' சேர்த்துக் கேளுங்கள், நம் 'ங்க' மாதிரி மரியாதைச் சொல் அது. காலையில் தோளில் காவடிபோல் இரண்டு தகரப் பாத்திரம் தொங்க 'தாஹோ' என்று கூவி வருபவரிடம் நம்பி வாங்கலாம். சூடான மென்மையான சோயா தயிர், வெல்லப்பாகு, மேலே ஜவ்வரிசி, அவ்வளவே. மாம்பழம் கேட்டால் 'மங்கா' என்பார்கள். மலாய் வழியாகப் போன நம் மாங்காய்.

பொழுது சாயும்போது சாந்தா பார்பரா கொத்தளத்தின் மேல் நில்லுங்கள். கீழே பாசிக் ஆற்றில் ஆகாயத்தாமரை கூட்டமாக மிதந்து போகும். எதிர்க்கரை பினோந்தோ, 1594ல் கிறிஸ்தவரான சீனர்களுக்கென்று ஸ்பானியர் ஒதுக்கிய இடம். வணிகத்துக்கு அவர்கள் வேண்டும், மதிலுக்குள் வேண்டாம். பீரங்கி எட்டும் தூரத்தில் வைத்தார்கள் என்பது இங்கே நின்றால் தெரியும். ஜோன்ஸ் பாலம் வழியாக நடந்தே அங்கே போய்விடலாம். சீன பௌத்தர்கள் நடத்தும் மரக்கறிக் கடைகள் அந்தச் சந்துகளில் உண்டு. இரவுச் சாப்பாட்டை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். சில கடைகள் சீக்கிரமே அடைத்துவிடும், ஏழு மணிக்குள் போய்ச் சேருங்கள்.

இப்படிக்கு,
கோட்டை வரலாற்று ஆர்வலர்கள் சிலர்,
சென்னை